ஒன்பதாவது புத்தகத்தின் கடைசி ஃபாரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூரை மேல் ஏறி, ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே "இப்போ தெரியுதா, இப்போ தெரியுதா?" என்று தொண்டை கிழியக் கத்திய கூட்டமே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். ஆனால் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது சரியாகப் போய்ச் சேரும்.

விஷயம் இதுதான். என் மனைவி என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

கொடுத்து வைத்தவன் என்று சிரிக்காதீர்கள். ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டேன். அவள் வாயே திறக்கவில்லை. சந்தேகம் வந்து, மறுநாள் வேண்டுமென்றே இரண்டு துண்டு போட்டேன். இரண்டையும் எடுத்துக் கொடியில் காயப்போட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் காபி தரட்டுமா?" என்றாள். குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, செல்ஃபோன் டார்ச்சைக் கண்ணில் அடித்து, கண் வெள்ளை மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்தேன். டார்ச் வெளிச்சத்தில் என் கண், பல், குளியலறை டைல்ஸ் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரிந்தன.

நான் திருமழிசையில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். வருகிற ஒவ்வொரு உருப்படியிலும் எங்கே கீறல், எங்கே ஒட்டு என்று கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவனை, வயிற்று வலிக்காக எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர், "சார், நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க. மேடமும் தம்பியும் மட்டும் இருக்கட்டும்" என்று அனுப்பிவைத்தார். வெளியே ஒரு மீன்தொட்டி இருந்தது. அதில் ஒரு மீன் ஒருக்களித்து மிதந்துகொண்டிருந்தது.

வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "இதுக்கு ஸ்கேன் எடுத்தீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"அது எப்பவுமே அப்படித்தான் சார் நீந்தும்" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

கதவு திறந்தது. மனைவியின் முகம் கழுவிய முகமாக இருந்தது. டாக்டர் அறைக்குள் போனவள் எதற்கு முகம் கழுவ வேண்டும்? "ஒண்ணும் இல்லையாம். அல்சர்..." என்று அவள் முடிப்பதற்குள் மகன், "ஆமாப்பா, அல்சர்தானாம்" என்றான். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பக்கத்துப் பையன் வசனத்தையும் சேர்த்துச் சொல்லும் பையன் போல.

என் மகன் ஐ.டி.யில் இருக்கிறான். ஃபோன் சார்ஜர் கேட்டால்கூட "பழசு என்னப்பா ஆச்சு?" என்று விசாரணைக் கமிஷன் வைப்பவன். அவன் மறு வாரம் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். உள்ளே 'தூரக்கப்பல்' நாவல்கள். மொத்த வரிசையும். பழைய புத்தகம் சேர்க்கிற யாரிடமோ தேடிப் பிடித்திருக்கிறான்.

"எப்பவோ ஒரு தடவை சொன்னியேப்பா, சின்ன வயசுல படிச்சேன்னு."

எப்பவோ ஒரு தடவை சொன்னதை என் மகன் ஞாபகம் வைத்திருக்கிறான். திட்டு நின்றுபோய், கேட்காததெல்லாம் கைக்கு வருகிற ஒரு வீட்டில் நான் ஏற்கெனவே இருந்திருக்கிறேன்.

*

தூரக்கப்பலை மறந்தவர்களுக்காக: அது ஏதோ வெளிநாட்டு விண்வெளித் தொடர். நமக்கு வந்தபோது எல்லோரும் இந்தி பேசினார்கள். கள்ளிக்குப்பத்தில் நாங்கள் இருந்தது சிமென்ட் ஷீட் போட்ட வீடு. டிவி ஹவுஸ் ஓனர் வீட்டில்தான். வாசல் நிலைக்கு உள்ளே உட்காரக் கூடாது என்பது சட்டம். எங்களில் ஒருத்தனுக்கும் இந்தி தெரியாது. என் அண்ணனுக்கும் தெரியாது. ஆனால் அவன்தான் மொழிபெயர்ப்பாளன்.

கேப்டன் எழுந்து நின்று கத்துவார். "இன்னா சொல்றாரு?" என்று எல்லோரும் அண்ணன் முகத்தைப் பார்ப்போம்.

"பின்னாடி யாரோ ஃபாலோ பண்ணிகினு வரானுங்கோ. லைட்ட அமுத்துன்றாரு" என்பான். உடனே கப்பலில் விளக்கு பிரகாசமாக எரியும். "கேக்க மாட்டேன்றானுங்கோ பாரு" என்பான். அதையும் நம்பினோம்.

பிறகுதான் அந்தத் தொடரை வைத்து மாதம் ஒரு நாவல் தமிழில் வர ஆரம்பித்தது. சட்டைப்பை அளவு, சாணித்தாள், அட்டையில் பச்சை முகம். முதல் புத்தகத்தைப் படித்ததும் எங்களுக்குத் தலை சுற்றியது. இத்தனை நாள் வில்லன் என்று நினைத்து நாங்கள் காறித் துப்பிய தாடிக்காரர் கப்பலின் மருத்துவராம். அண்ணன் அட்டையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ ஊசி போட்டதெல்லாம் நல்லதுக்காடா?" என்றான்.

அவனுக்குப் பிடித்தவர் இயந்திரக்காரர். வழுக்கைத் தலை, எண்ணெய்க் கறைச் சட்டை. கப்பல் வெடிக்கப் போகிறது என்றால்தான் அவருக்கு ஜோக் வரும். நான் இன்று இருக்கும் லட்சணத்துக்கு அவர்தான் பொறுப்பு. வேறு யாரையும் குற்றம் சொல்லாதீர்கள்.

புத்தகம் எங்களுக்குச் சித்தப்பா மூலமாக வந்தது. அப்பாவின் தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பைண்டிங் கடையில் வேலை செய்தார். அந்த நாவல்கள் அங்கேதான் தைத்து அட்டை போட வரும். பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு மடிப்புக்கு அங்கே ஃபாரம் என்று பெயர். ஏழு ஃபாரம் அடுக்கித் தைத்தால் ஒரு நாவல். அடுக்கும்போது தப்பாகிப்போன பிரதிகள் விற்பனைக்குப் போகாது. அவற்றை வேலை செய்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆக, எங்கள் வீட்டுக்கு வந்த தூரக்கப்பல் ஒன்றுகூட உருப்படியான கப்பல் இல்லை.

ஒன்றில் நடு ஃபாரம் தலைகீழாக இருக்கும். ஒன்றில் ஒரே சண்டை இரண்டு முறை வரும். ஐந்தாவது புத்தகத்தில் கடைசி ஃபாரமே வேறு. ஏதோ சமையல் புத்தகத்தினுடையது. விண்கல் மழையில் மாட்டிக்கொண்ட கப்பல், கேப்டன் "எல்லோரும் பிடித்துக்கொள்ளுங்கள்!" என்கிறார், பக்கத்தைத் திருப்பினால் ரவையைப் பொன்னிறமாக வறுக்கவும். அந்தப் பயணம் எப்படி முடிந்தது என்று எங்களுக்குத் தெரியாது. "கேசரி சாப்ட்டுகினு ஊட்டுக்கு வந்துட்டாங்கோ" என்று அண்ணன் தீர்ப்பு சொன்னான். நாங்கள் வழக்கை மூடிவிட்டோம்.

சித்தப்பா ஃபாரம் மடிக்கும்போதே முழுக் கதையையும் படித்துவிடுவார். சைக்கிளை நிறுத்தாமலே புத்தகத்தை வாசலில் வீசி, "நைனா, இந்த மாசம் ஷோக்கான கத!" என்று கத்திவிட்டுப் போவார். புத்தகத்தை முதலில் படிப்பது அண்ணன். பிறகுதான் எனக்கு.

*

அந்த வருஷம் மழைக்கு முன்னால் அண்ணனுக்கு மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்தது. அடிபடாமலே தொடையில் நாவல்பழம் மாதிரி கறுப்புக் கறுப்பாகக் கன்றியது. மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அங்கே டாக்டர் அப்பாவையும் சித்தப்பாவையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாராம். திரும்பி வந்து, "ரத்தம் கம்மியாம், வேற ஒண்ணும் இல்ல" என்றார்கள். பீட்ரூட் வாங்கினார்கள்.

எங்கள் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அண்ணனைத் திட்ட ஆரம்பிப்பார். அது மணி அடிப்பது மாதிரி; அதைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டில் உலை வைப்பார்கள். அது நின்றது. ஆப்பிள் வந்தது. அட்டைப்பெட்டியோடு புது ஷூ வந்தது. எனக்குப் பொறாமையில் காது எரிந்தது. எனக்கும் ரத்தம் கம்மியாகக் கூடாதா என்று கோவிலில் வேண்டிக்கொண்டேன். அந்தச் சாமிக்குக் காது கேட்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அண்ணன் மட்டும் ஷூவைப் போடாமல் அப்படியே வைத்திருந்தான். "டேய், நைனா நேத்து என்ன 'கண்ணு'ன்னு கூப்ட்டாருடா" என்றான் என்னிடம், அப்பாவைப் பற்றி. "எனக்கு பயமா கீது."

எட்டாவது புத்தகம் வந்தது. அண்ணன் படித்து முடித்துவிட்டு, கடைசித் தாளைக் கிழித்து ராக்கெட் செய்துகொண்டிருந்தான்.

"ஏன்டா கிழிச்ச? நான் இன்னும் படிக்கல!"

"கத முடிஞ்சிச்சிடா. இது வெறும் விளம்பரம். புண்ணாக்கு."

வீசினான். அது ஷீட் கூரை மேல் போய் விழுந்தது. நான் அழுதேன். கழியால் தள்ளிப் பார்த்தேன், வரவில்லை. அடுத்த மழையில் கூழாகி, ஷீட்டின் பள்ளத்தில் சாம்பல் நிறத்தில் கொஞ்ச நாள் கிடந்தது.

ஒன்பதாவது புத்தகத்தைச் சித்தப்பா வீசவில்லை. பேப்பரில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். பாய் மேல் படுத்திருந்த அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்தார். அந்தப் பிரதி மட்டும் வாசனை வேறாக இருந்தது. மைதா பசையும், பூச்சி வராமல் அதில் போடும் மயில்துத்தமும் கலந்த, ஈரமான, பச்சையான வாசனை. அண்ணன் முதுகுப் பக்கத்தை விரலால் தடவினான். முகர்ந்தான். படிக்க ஆரம்பித்தான். சித்தப்பா நகரவேயில்லை. வேலைக்கு நேரமாகிறது என்று அம்மா சொன்ன பிறகும் அவன் பக்கம் திருப்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பனிக்கோளம் ஒன்றில் இயந்திரக்காரர் தனியாக மாட்டிக்கொள்கிற கதை அது. கடைசியில் எல்லோரும் கப்பலின் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து சூடாக சூப் குடிக்கிறார்கள். பனியிலிருந்து எப்படி வந்தார் என்பது இல்லை. எங்களுக்கு அதெல்லாம் பழக்கம்.

"எப்டி கீது நைனா கத?" என்றார் சித்தப்பா.

"சூப்பரு சித்தப்பா. எல்லாரும் ஊட்டுக்கு வந்துட்டாங்கோ."

"இயந்திரக்காரு?"

"அவருதான் சூப்புல உப்பு இல்லன்னு கலாய்ச்சிகினு கீறாரே."

சித்தப்பா எழுந்து வெளியே போய்க் கைப்பம்பை அடித்துக் கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். அண்ணன் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "சூப்பு குடிக்கிற எடத்த சத்தமா படி. அம்மாக்குக் கேக்கட்டும்" என்றான். படித்தேன். பிறகு என் காதில், "டேய், பசை இன்னும் காயவே இல்லடா" என்றான். சிரித்தான். எதற்குச் சிரிக்கிறான் என்று தெரியாமலே நானும் சிரித்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ வந்த காலையில் அவனுக்குப் புது ஷூவைப் போட்டுவிட்டார்கள். கால் வீங்கியிருந்ததால் நாடா கட்ட முடியவில்லை. வாசலில் நின்று எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"அம்மா, என் கோலி டப்பா கீதே, அத..."

"ஏன்டா ஒரு மாதிரி பேசற? நல்ல வார்த்த பேசு" என்றாள் அம்மா.

"அதெல்லாம் வந்து பாத்துக்கலாம் கண்ணு" என்றார் அப்பா.

"சரி" என்றான் அண்ணன்.

அவன் பேசி நான் கேட்ட கடைசி வார்த்தை அந்தச் சரிதான்.

கோலி டப்பா யாருக்கு என்று தெரியாததால் அதை யாரும் தொடவில்லை. அலமாரி மேல் துருப்பிடித்து இருந்தது. வீடு மாறியபோது காணாமல் போனது. புத்தகங்களை அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள். நான் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவில்லை.

*

இப்போது அந்த அட்டைப்பெட்டிக்கு வருகிறேன்.

லீவு போட்டுவிட்டு, பால்கனியில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். கேசரி இல்லாத, தலைகீழ் இல்லாத, ஒழுங்கான தூரக்கப்பல். ஒழுங்காக இருந்தால் அது அவ்வளவு நன்றாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாவது புத்தகத்தின் கடைசியில், விண்கல் மழை ஓய்ந்து எல்லோரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சூப் வந்தது. உப்பு இல்லை என்றார் இயந்திரக்காரர்.

நோய் மூளைக்கு ஏறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். உடனே பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. எனக்கு அது எப்போதுமே வராது என்று ஞாபகம் வந்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. மறுபடி படித்தேன். அதே வரிகள். நான் அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்த அதே பக்கம். ஒன்பதாவது புத்தகத்தில் இருந்த பக்கம் ஐந்தாவதில் இருக்கிறது.

எட்டாவதை எடுத்தேன். நேராகக் கடைசித் தாள். விளம்பரம்தான். அண்ணன் பொய் சொல்லவில்லை.

'அடுத்த மாதம்: பனிக்கோளம்! நம் அன்பு இயந்திரக்காரரின் கடைசிப் பயணம்! கைக்குட்டையுடன் படியுங்கள்!'

மனைவி கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். "ஏன் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள். "கைக்குட்டை இருக்கா?" என்றேன். அதற்கும் திட்டவில்லை, உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஆக, சித்தப்பா ஃபாரம் மடிக்கும்போது பார்த்திருக்கிறார். சாகப்போகிற பையன் கையில் இதையா கொடுப்பது என்று, ஒன்பதாவதின் கடைசி ஃபாரத்தை உருவிவிட்டு, நாங்கள் படித்தேயிராத ஐந்தாவதின் கடைசி ஃபாரத்தைக் கடையின் மிச்சத்திலிருந்து எடுத்து, அதன் விளம்பரத் தாளைக் கிழித்துவிட்டு, கையாலேயே ஒட்டிக் கொண்டுவந்திருக்கிறார். எல்லாம் ஒரே அளவுப் புத்தகம். பக்க எண்கூடப் பொருந்திவிடும். நேர்த்தியான வேலை. ஆனால் எட்டாவதில் வந்திருந்த விளம்பரத்தை மறந்துவிட்டார். அண்ணன் மறக்கவில்லை. அதைக் கிழித்து, நான் படிக்க முடியாத உயரத்துக்கு வீசிவிட்டு, அவர் ஒட்டிக் கொடுத்த முடிவை நம்பியதாக எங்கள் எல்லோருக்கும் நடித்துக் காட்டியிருக்கிறான்.

பிறகு ஒன்பதாவதின் உண்மையான கடைசி ஃபாரத்தைப் படித்தேன்.

பனியில் இயந்திரக்காரரின் கால் நசுங்கிவிட்டது. ரேடியோ மட்டும் வேலை செய்கிறது. 'மீட்புப் படகு கிளம்பிவிட்டது, தைரியமாக இரு' என்கிறார் கேப்டன். இயந்திரக்காரர் சிரிக்கிறார். 'கேப்டன், நான் இயந்திரக்காரன். ஆக்சிஜன் உருளையில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பொய்யில் செலவழிக்காதீர்கள். எல்லோரையும் வரிசையாக வரச் சொல்லுங்கள்.' வருகிறார்கள். ஒவ்வொருவராக. திருகு சாவி யாருக்கு, கிழிந்த நாற்காலி யாருக்கு என்று சொல்கிறார். சமையல்காரரிடம், அந்த உப்பு விஷயத்துக்காக மன்னிப்புக் கேட்கிறார். தாடிக்கார மருத்துவரின் முறை வரும்போது, 'உங்கள் ஊசி வலிக்கவே இல்லை' என்கிறார்.

எழுத்து சுமார்தான். அவசரமாக எழுதியது தெரிகிறது. நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே தள்ளிவிட்டு அழுதேன்.

சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அப்பா அம்மாவும் இல்லை. யாரையும் குறை சொல்ல வாய் வரவில்லை. பசை காயாத கையோடு அவர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததுதான் கண்ணில் நிற்கிறது. சாவை உருவிவிட்டதாகத்தான் அவர் நினைத்திருப்பார். உருவியது, ஒவ்வொருவராக வந்து விடைபெறும் அந்த வரிசையை. கோலி டப்பா யாருக்கு என்று சொல்ல எங்கள் அண்ணனுக்கு ஒரு நிமிஷம்கூட யாரும் தரவில்லை.

அன்று சாயங்காலம் மகன் வேலை முடித்து ஷூவைக் கழற்றும்போதே கூப்பிட்டேன்.

"ரெண்டு பேரும் இங்க வாங்க. அந்த அல்சர் நாடகத்துக்கு வசனம் யாரு?"

மகன் அம்மாவைப் பார்த்தான். "என்னப்பா சொல்ற? அதான் டாக்டர்..."

"ஏன் இப்படி அபசகுனமா?" என்றாள் மனைவி. "நல்ல வார்த்தை பேசுங்களேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே வாக்கியம். அவளோ என் அம்மாவைப் பார்த்ததுகூட இல்லை.

ஒன்பதாவது புத்தகத்தை விரித்து மகனிடம் கொடுத்தேன். "இங்கேருந்து சத்தமா படி. அம்மாவுக்குக் கேக்கட்டும்."

படித்தான். 'எவ்வளவு காற்று இருக்கிறது என்று எனக்குத் தெரியும்' என்ற இடம் வரைக்கும் வந்தான். அடுத்த வரியை மூன்று முறை ஆரம்பித்தான். மனைவி புத்தகத்தை அவன் கையிலிருந்து வாங்கி, மூடி, மேசை மேல் வைத்தாள். என் எதிரில் உட்கார்ந்தாள்.

"கணையத்துல" என்றாள். "கல்லீரலுக்கும் போயிடுச்சாம். ஆபரேஷன் பண்ண முடியாதாம்."

கேள்விப்பட்டால் மயக்கம் போட்டு விழுவேன் என்றுதான் நான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். எந்தப் பக்கம் விழுந்தால் அடிபடாது என்றுகூட முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தேன். விழவில்லை.

"அப்போ அந்த மீனும் நானும் ஒரே கேஸ்" என்றேன்.

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டாள். "எதுல விளையாடறதுன்னு ஒரு விவஸ்தை இல்லையா? ரெண்டு ஈரத் துண்டு, வேணும்னேதானே போட்டீங்க? நான் சமையல்கட்டுல வாயில முந்தானையை வெச்சிக்கிட்டு நிக்கறேன், இவரு எனக்கு டெஸ்ட் வைக்கறாரு! கஞ்சியைக் கொட்டிட்டு அப்படியே உக்காந்திருக்கீங்க, யாரு தொடைக்கறது?" அழுதுகொண்டே திட்டினாள். மூச்சு வாங்கத் திட்டினாள். கல்யாணமான வருஷத்திலிருந்து பாக்கி இருந்ததெல்லாம் வந்தது. அந்த அறையில் ரொம்ப நாள் கழித்து அப்போதுதான் எனக்குக் காற்று வந்த மாதிரி இருந்தது.

அவள் முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு மகனைப் பார்த்து, "இந்தப் புத்தகமெல்லாம் யாருக்குன்னு சொல்லணும்" என்றேன்.

அவன் "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ப்பா" என்று வாயெடுத்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சொல்லுப்பா" என்றான்.